ஸர் சி. வி. இராமனும் ஓயா ஓசையும்

செவிச் செல்வத்தின் அருமையை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். கல்விக்கு ஓரதிகாரம் வகுத்த வள்ளுவர் கேள்விக்கும் ஓரதிகாரம் வகுத்தார். ஓசையைப் பெறுவது காதின் தொழில். பெற்றதனை உணர்வது கருத்தின் தொழில். இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்தாலன்றிக் கேள்வி நிரம்பாது. இவ்வுண்மையை யாம் ஏட்டிற் கற்றதனினும் ஓரிரவில் நேரிற் கற்றதே மிகுதி.

எமது ஊர் திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகை. அப்பக்கத்து ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு வட்டாரங்கள் நெசவுக்குப் பெயர் பெற்றவை. சென்ற கோடை விடுமுறையில் அவ்வட்டாரத்து உறவினர் இல்லமொன்றில் யாம் தங்க நேர்ந்தது. சுவருக்கு அப்பால் விசைத்தறிகள் இரவும் பகலும் இயங்கிக்கொண்டிருந்தன. முதல் நாழிகையில் அவ்வோசை தலையைப் பிளப்பது போலிருந்தது. எதிரே இருப்பவர் பேச்சும் கேட்கவில்லை. மாலையில் அஃது அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை. இரவில் அதனை மறந்தே உறங்கிப்போனோம். நள்ளிரவில் மின்சாரம் நின்றது, தறிகளும் நின்றன. அக்கணமே வீட்டிலிருந்தோர் திடுக்கிட்டு விழித்துக்கொண்டோம். ஓசை எழுப்பாத எங்களை ஓசையின்மை எழுப்பிவிட்டது! அவ்வீட்டுப் பாட்டனார் ஒருவர் மட்டும் விழிக்கவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

ஓயாது ஒலிக்கும் ஓசை நேரம் செல்லச் செல்லச் சிறுத்துத் தோன்றுவதேன்? தறி தன் வேகத்திற் குறையவில்லை; காற்றின் அதிர்வும் குறையவில்லை. குறைந்தது நம்மிடத்தேயாம். இதனை ஆராயப் புகுந்தபோது, பழகிப்போன ஓசைகளுள் பிறர் கேளாதவற்றைக் கேட்டுப் புகழ் பெற்ற தமிழர் ஒருவரின் வாழ்க்கை எம் நினைவில் எழுந்தது. அவரே ஸர் சந்திரசேகர வேங்கட இராமன். ஒளியாராய்ச்சியால் உலகப் புகழெய்திய அவர் ஒலியாராய்ச்சியில் இளமையின் பெரும்பகுதியைச் செலவிட்டார் என்பதைப் பலர் அறியார். ஆதலின் அப்பகுதியைச் சிறிது விரித்து அவர் வரலாற்றை இங்கு வரைகின்றோம்.

இராமனார் 1888-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவிற் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். தந்தையார் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். இசையில் ஈடுபாடு மிக்கவர். விசாகப்பட்டினத்துக் கல்லூரியொன்றில் அவருக்கு வேலை கிடைத்தமையால் இராமனாரின் இளமை அக்கடற்கரை நகரிற் கழிந்தது. பதினொன்றாம் வயதில் மெட்ரிகுலேஷன் தேறிய அச்சிறுவர் சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து, 1904-இல் பி.ஏ. தேர்விலும் 1907-இல் எம்.ஏ. தேர்விலும் முதன்மை பெற்றார். பதினெட்டு வயது நிரம்புங் காலத்தில், 1906-ஆம் ஆண்டில், அவரது முதற் கட்டுரை இலண்டனிலிருந்து வரும் பௌதிகத் திங்களிதழ் ஒன்றில் அச்சேறியது. எம்மையொத்த வயதினர் இதனை நினைந்து வெட்கமுறவும் வேண்டும், ஊக்கமுறவும் வேண்டும்.

அக்காலத்தே அவர் கையிற் கிடைத்த நூல்களுள் ஒன்று, ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட இசையுணர்ச்சி பற்றிய பெருநூல். நரம்பின் அதிர்வு எவ்வாறு காற்றின் அதிர்வாகிறது, காற்றின் அதிர்வு எவ்வாறு செவியுள் இசையாகிறது என்பவற்றை அந்நூல் விளக்குகின்றது. தம் உள்ளத்தை உருவாக்கிய நூல்கள் மூன்றனுள் இதனையும் ஒன்றாக இராமனார் பிற்காலத்திற் குறிப்பிட்டார். அவர் மணந்த லோகசுந்தரி அம்மையாரும் வீணை பயின்றவர். தந்தை வழியாலும் நூல் வழியாலும் மனை வழியாலும் இசை அவரைச் சூழ்ந்திருந்தது.

அந்நாளில் ஆராய்ச்சியால் வயிறு வளர்த்தல் இந்தியர்க்கு அரிதாயிருந்தது. ஆதலின் இராமனார் அரசாங்க நிதித்துறைத் தேர்வெழுதி முதல்வராய்த் தேறி, 1907-இல் கல்கத்தாவில் பதவியேற்றார். ஒருநாள் பௌபஜார்த் தெருவழியே செல்லுங்கால், 1876-இல் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணிற் பட்டது. கருவிகள் இருந்தன, அவற்றை இயக்கும் ஆட்கள் அருகியிருந்தனர். அன்றுமுதல் அலுவலகத்திற்கு முன் காலையும், அலுவலகத்திற்குப் பின் இரவும் அக்கழகத்திலேயே கழிந்தன. இவ்வாறு பத்தாண்டு உழைத்தபின், 1917-இல் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தார் பௌதிகப் பேராசிரியர் பதவியை அளித்தனர். அதனை ஏற்பின் ஊதியம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் நிலைமை. இராமனார் ஊதியத்தை விடுத்து ஆராய்ச்சியைக் கொண்டார்.

அவ்வாராய்ச்சிக்கு அவர் தேர்ந்தெடுத்த பொருள்கள் யாவை? நாடோறும் நம் செவியில் விழுந்து பழகிப்போனவையே. பிச்சைக்காரர் மீட்டும் ஒற்றை நரம்புடைய ஏக்தாரி முதல் வயலின், மிருதங்கம், வீணை, தம்புரா வரை ஒவ்வொன்றையும் ஆய்ந்தார். வில்லால் இழுக்கப்படும் நரம்பின் இயக்கத்தைப் பற்றி 1918-இல் விரிவான நூலொன்று வெளியிட்டார். வில்லை நிலையாக நிறுத்தி வயலினை முன்னும் பின்னும் ஓட்டும் பொறியொன்றையும் அமைத்தார். தோற்கருவிகளின் ஓசை பொதுவாகச் சுருதியொடு பொருந்தாத ஆரவாரமாகவே அமையும். நம் மிருதங்கத்தின் ஓசையோ சுருதியொடு பொருந்தி இனிக்கின்றது. வலந்தலையின் நடுவே இடும் கரிய சாந்து தோலின் கனத்தை ஓரளவாக மாற்றி, அதன் மேற்சுரங்களை நரம்பின் மேற்சுரங்களைப்போல் ஒழுங்குபட நிறுத்துகின்றது என்பதை 1920-இலும், மேலும் விரிவாக 1935-இலும் அவர் வெளியிட்டார். பெயர் தெரியாத கைவினைஞர் செவியால் கண்ட உண்மையை அவர் கணக்கால் நிறுவினார் என்க.

இனி, எமது கேள்விக்கு நெருங்கிய தம்புராவைக் காண்போம். பாடுவோர் மூன்று மணி நேரம் பாடினும் தம்புரா ஓயாது ஒலிக்கின்றது. ஓயா ஓசை யாவும் பழகி மறையுமாயின் அதுவும் தறியோசை போல் மறைந்துபோதல் வேண்டுமன்றோ? மறைவதில்லை. அதன் நுட்பம் குதிரையிலும் நூலிலும் அமைந்துள்ளது. வயலினின் குதிரை கத்தி முனை போன்று மெல்லியது. தம்புராவின் குதிரையோ அகன்று, முதுகு சற்றே வளைந்தது. நரம்புக்கும் அக்குதிரைக்கும் இடையே ஜீவா எனப்படும் நூலிழையைச் செருகி, உயிரோசை எழும் இடம் வரும்வரை நகர்த்துவர். அப்பொழுது நரம்பு அதிருந்தோறும் குதிரையின் முதுகை மெல்லத் தொட்டுத் தொட்டு மீள்கின்றது.

இதனால் விளைவது யாது? ஒரு நரம்பை எவ்விடத்தில் மீட்டுகிறோமோ அவ்விடத்தைக் கணுவாக, அஃதாவது அசையாப் புள்ளியாக, உடைய மேற்சுரங்கள் எழலாகா என்பது மேனாட்டார் வகுத்த விதி. வீணையிலும் தம்புராவிலும் அவ்விதி பொருந்தவில்லையென்றும், எழலாகாத மேற்சுரங்களும் எழுந்து ஒலிக்கின்றனவென்றும் இராமனார் 1921-இல் காட்டினார். குதிரையின் அமைப்பே அவ்வியப்பிற்குக் காரணம். அம்மேற்சுரங்களும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் அடங்குவனவல்ல. ஒன்றன்பின் ஒன்றாக ஓங்கித் தேய்ந்து செல்வன. ஆகவே தம்புராவின் ஓசை நிலைத்த ஓசைபோலத் தோன்றினும் நொடிதோறும் மாறும் ஓசையேயாம்.

பின்வந்தோர் செவியைப் பற்றி ஆராய்ந்து கண்ட முடிவுகளை இதனோடு பொருத்திப் பார்த்தல் இன்பந் தரும். ஓர் ஓசை தொடங்கியவுடன் அதன் முழு உரப்பு நமக்குத் தோன்றுவதில்லை. ஏறத்தாழ ஒரு நொடியின் ஐந்திலொரு பகுதி வரை அது வளர்ந்து, பின்னரே நிலைபெறுகின்றது. கண்ணிமைக்கும் நேரமே ஒலிக்கும் ஓசை, அதே வலிவுடைய நீண்ட ஓசையினும் மெலிந்து தோன்றுவது இதனாலேயே. நிலைபெற்றபின் நிகழ்வது ஓசைக்கேற்ப வேறுபடும். ஆலயத்து ஆர்கனில் ஓர் உச்சக் கட்டையை அழுத்திப் பிடித்து, எட்ட நின்று மெல்லக் கேட்போமாயின், சில நிமிடங்களில் அது தேய்வதை உணரலாம். மிக மெல்லிய ஓசையாயின் சிலர்க்கு முற்றும் மறைந்தே போகும். உரத்த ஓசையோ அவ்வாறு தேய்வதில்லை. அதன் உரப்பு சிறிதே குறையும். எனினும் புதுச் செய்தி யாதும் அதனிடத்து இல்லையாதலால் மனம் அதனை ஒதுக்கிவிடுகின்றது. ஆர்.கே.பேட்டைப் பக்கத்தில் எமக்கு நேர்ந்தது பெரும்பாலும் இவ்விரண்டாவதே. ஏறியிறங்கும் ஓசையோ எளிதில் தேய்வதுமில்லை, ஒதுக்கப்படுவதுமில்லை. ஓசை மாறினால் செவி விழிக்கும், மாறாவிடின் உறங்கும். தம்புராவைச் செய்த நம் தச்சர் இதனை எந்நூலிலும் படித்திலர். ஆயினும் செவியை உறங்கவிடாத ஓசையை ஓர் இழை நூலால் அமைத்துவிட்டனர்!

நிற்க. 1921-இல் இராமனார் பல்கலைக் கழகங்களின் மாநாட்டிற்காக ஆக்ஸ்போர்டு சென்றார். இலண்டனில் தூய பவுல் பேராலயத்தின் வட்ட மாடத்தில், ஒரு பக்கத்துச் சுவரருகே முணுமுணுத்தது எதிர்ப்பக்கத்துச் சுவரருகே கேட்கும் விந்தையைக் கண்டு, அங்கேயே சோதனை நடத்தினார். திரும்புங்கால் நடுநிலக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் கருத்தைக் கவர்ந்தது. கடல் நீலமாயிருப்பது வானத்தின் நிழலால் என்பது அந்நாளைய பேரறிஞர் கொள்கை. எத்தனையோ இலட்சம் மக்கள் அக்கடலைக் கண்டு பழகியிருந்தனர். பழகியதனால் கேள்வி எழவில்லை. இராமனாரோ கப்பலின் மேற்றளத்தில் நின்று சிறு கருவியால் வானத்தின் நிழலை நீக்கிப் பார்த்தார், நீலம் நீங்கவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று துணிந்தார்.

அக்கேள்வி ஏழாண்டு அவரை விடவில்லை. 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், கே. எஸ். கிருஷ்ணன் முதலிய மாணாக்கர் துணையோடு, சிதறிய ஒளியில் ஒரு பகுதி நிறம் மாறி வருதலைக் கண்டறிந்தார். அதுவே இராமன் விளைவு எனப் பெயர் பெற்றது. 1930-இல் பௌதிகத்திற்கான நோபெல் பரிசு அவருக்கு அளிக்கப்பெற்றது. விஞ்ஞானத் துறையில் அப்பரிசை எய்திய முதல் ஆசியர் அவரே. 1933-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்தின் தலைவரானார். 1934-இல் இந்திய விஞ்ஞானப் பேரவையை நிறுவினார். 1948-இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையமொன்றைத் தொடங்கினார்.

பெரியோர் வரலாறு எழுதுவோர் நிறைகளை மட்டும் எழுதிக் குறைகளை மறைப்பின் அது வரலாறாகாது, வாழ்த்துப் பாவாகும். இராமனார் பெங்களூரில் தலைவரான அவ்வாண்டிலேயே, பம்பாயிற் சிறப்பாகத் தேறிய கமலா பாகவத் என்னும் பெண்மணியார் ஆராய்ச்சி மாணவியாகச் சேர விரும்பினார். பின்னாளில் கமலா சோஹோனி என அறியப்பெற்றவர் இவர். பெண் என்னும் ஒரே காரணத்தால் இராமனார் முதலில் மறுத்தார். அம்மையார் பின்வாங்கவில்லை, காரணங் கேட்டு நேரில் நின்றார். முடிவில், ஓராண்டு வரை முறையான மாணவியாகக் கொள்ளப்படார் என்னும் நிபந்தனையோடு இடம் பெற்றார். அவமதிப்பை விழுங்கிக்கொண்டு உழைத்தார். ஓராண்டின் பின் இராமனார் அவர்தம் உழைப்பைக் கண்டு தெளிந்து, முறையாகச் சேர்த்துக்கொண்டார். பிற பெண்களுக்கும் வாயில் திறந்தது. அம்மையார் 1939-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார்.

இந்நிகழ்ச்சி எம்மைப் பெரிதும் சிந்திக்கச் செய்தது. நரம்பில் எழலாகாத சுரத்தைக் கேட்ட செவி, பெண்கள் வாயிலில் நின்று கேட்ட கேள்வியை முதலிற் கேட்கவில்லை. ஏன்? வழக்கம் என்பதும் ஓர் ஓயா ஓசையே. பிறந்த நாள்முதல் ஒரே சுரத்தில் ஒலிப்பதனால் அஃது ஒலிக்கின்றதென்பதே நமக்குத் தோன்றுவதில்லை. பேரறிஞரும் அதற்கு விலக்கல்லர். யாரேனும் ஒருவர் அதனை நிறுத்தினால்தான் விழிக்கின்றோம். கமலா அம்மையார் செய்தது அதுவே. விழித்தபின் இராமனார் தம் முடிவை மாற்றிக்கொண்டார் என்பதும் அவர் பெருமையேயாம்.

1954-இல் இந்திய அரசாங்கம் முதன்முதலாகப் பாரத ரத்னா விருதை அளித்தபோது அதனைப் பெற்றோர் மூவர்: இராஜாஜி, டாக்டர் இராதாகிருஷ்ணன், இராமனார். அவருள் இராதாகிருஷ்ணனார் எம் திருத்தணியிற் பிறந்தவர். இராமனார் பிறந்த 1888-ஆம் ஆண்டிலேயே பிறந்தவர். கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் அவரோடு உடன் பணி புரிந்தவர். மிஷன் கல்லூரிகளிற் பயின்றவர். ஆதலின் இவ்வரலாறு எமக்கு அயலார் வரலாறாகத் தோன்றவில்லை. முதுமையில் இராமனார் மலர்களின் நிறத்தையும், கண் நிறங்களை உணருமாற்றையும் ஆராய்ந்தார். 1970-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், எண்பத்திரண்டாம் வயதில், பெங்களூரில் உயிர் நீத்தார். தாம் வளர்த்த நிலையத்துச் சோலையிலேயே அவர் உடல் எரியூட்டப்பெற்றது.

இனி, விழியாத பாட்டனாரிடம் மீள்வோம். அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விசைத்தறியில் நின்றவர். தறியோசை அவருக்குப் பழகிப்போயிற்று என்று வீட்டார் கூறினர். தொடக்கத்தில் அவரும் அவ்வாறே எண்ணியிருந்தாராம். உண்மையில் அவர் செவியே பழுதுற்றுவிட்டது. ஆதலின் தறி நின்றதை அவர் அறியவில்லை. கேளாமை இருவகைப்படும் என்பதை அவ்விரவில் யாம் கண்டோம். மனம் ஒதுக்கிய ஓசை, மனம் நாடினால் மீண்டும் கேட்கும். இரைச்சலால் சற்றே மந்தமான செவியும் சில மணி நேர அமைதியில் தெளியக்கூடும். உட்செவியிலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் அழிந்துவிடின் அவை மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபெல் அளவுள்ள ஓசையில் நாடோறும் எட்டு மணி நேரம் பல்லாண்டு நிற்போர்க்கே இவ்விடர் தொடங்கும் என்பர். விசைத்தறிக் கூடங்களிலோ 90 டெசிபெல்லைத் தாண்டிய ஓசை அளந்து காணப்பட்டுள்ளது. முதலில் கெடுவது உச்சச் சுரங்களைக் கேட்கும் ஆற்றல். அப்பொழுது பிறர் பேசுவது கேட்கும், சொல் விளங்காது. பேரப்பிள்ளைகளின் மெல்லிய குரல் முதலில் நழுவும். அப்பாட்டனார் எம்மிடம் முகம் நோக்கிப் புன்னகை செய்வார். வினவியதற்கு விடை வேறாக இருக்கும்.

இதிலுள்ள கொடுமை யாதெனின், அவ்வோசை தன் தீமையைத் தானே மறைக்கின்றது என்பதே. முதல் நாள் காதைப் பொத்திக்கொண்டவன் பத்தாம் நாள் பொத்துவதில்லை. துன்பம் தோன்றாமையைத் தீமை இல்லாமை என்று கருதிவிடுகின்றான். பழகுதல் காவலன்று. காதில் அடைப்பான் இட்டுக்கொள்ளுதல், இடையிடையே அமைதியான இடத்தில் ஓய்தல், ஆண்டுக்கொருமுறை செவியைச் சோதித்தல் ஆகிய இவையே காவல். இவற்றுக்கு ஆகும் பொருள் பெரிதன்று. ஓசை உண்டென்பதை நினைவிற்கொள்ளும் கருத்தே வேண்டுவது. விடுமுறை முடிந்து திரும்புமுன் அவ்வீட்டு இளைஞர்க்குச் செவியடைப்பான் சில வாங்கிக் கொடுத்து வந்தோம். முதலில் அவர்கள் நகைத்தனர். பாட்டனாரை ஒருமுறை திரும்பிப் பார்த்தபின் நகைக்கவில்லை.

மாணவ நண்பர்களே! நம்முள் நோபெல் பரிசு பெறுவோர் சிலராதலும் அரிது. ஆயினும் இராமனாரிடம் நாம் யாவரும் கற்கத்தக்க பாடம் ஒன்றுண்டு. அரிய பொருளைத் தேடித் தொலைவில் அலைய வேண்டுவதில்லை. அன்றாடம் கேட்டுக் கேட்டுக் கேளாமற்போனதனை மீண்டும் ஒருமுறை கேட்டல் வேண்டும். பழகிய ஓசையை மறத்தல் செவியின் இயல்பு. மறந்ததனை நினைப்பித்தல் அறிவின் கடமை. நம் தெருவில் ஓயாது ஒலித்துக்கொண்டிருப்பது யாது, அதனால் கேள்வி இழப்போர் யார் என்று நாடோறும் சிறிது நேரம் நின்று கேட்போமாக.